சென்சார் வயரைப் பிடுங்கச் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் வாகனப் பக்கத்தில் வாசகர் ஒருவருக்குத் தந்திருந்த பதிலைப் படித்துவிட்டு இதை எழுதுகிறேன். அவருடைய பழைய பெட்ரோல் கார் சிக்னலில் நின்றால் பெட்ரோல் வாடை அடிக்கிறதாம். மைலேஜ் இறங்கிவிட்டது, புகைச் சோதனையிலும் தேறவில்லை. 'பழைய வண்டிக்கு ஆக்சிஜன் சென்சார் அவசியமில்லை, வயரைக் கழற்றிவிட்டு ஓட்டலாம்' என்று பதில் சொல்லியிருக்கிறார்கள். நான் மதுரையில் ஆட்டோ எலெக்ட்ரீஷியன். கார்புரேட்டர் போய் இன்ஜெக்ஷன் வந்த காலத்திலிருந்து இந்த வேலையில் இருக்கிறேன். அந்தப் பதில் தவறு. அதை நம்பிச் செய்பவருக்குச் செலவு பல மடங்காகும்.

வயரைப் பிடுங்கினால் என்ன நடக்கிறது என்று பாருங்கள். சைலன்சர் குழாயில் போகும் புகையில் ஆக்சிஜன் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதை அந்த சென்சார்தான் இசிஎம் பெட்டிக்கு, அதாவது இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டருக்கு, சொல்கிறது. ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற எடைக் கணக்கைச் சுற்றியே பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கிறது பெட்டி. சென்சார் பேச்சு நின்றுபோனால், எதற்கும் இருக்கட்டும் என்று கொஞ்சம் கூடுதலாகவே பெட்ரோல் ஊற்றும். எரியாத பெட்ரோல், புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரியும். உள்ளே இருக்கும் தேன்கூடு மாதிரியான பீங்கான் உருகி அடைத்துக்கொள்ளும். அதற்கப்புறம் வண்டி ஏற்றத்தில் இழுக்காது. கன்வெர்ட்டர் விலையைக் கேட்டவர்களுக்குத் தெரியும், சென்சார் விலை அதன் பக்கத்தில் ஒன்றுமே இல்லை.

அந்த வாசகர் சொன்ன அடையாளங்களை வைத்துப் பார்த்தால், அவருடைய வண்டியில் இருப்பது ஒற்றை வயர் சென்சார் என்றே எனக்குத் தோன்றுகிறது. உள்ளே ஹீட்டர் கிடையாது. புகையின் சூட்டிலேயே சூடாகி வேலை செய்ய வேண்டும். ஜிர்கோனியா என்ற பீங்கான் ஏறக்குறைய 300 டிகிரி செல்சியஸுக்கு மேலே போனால்தான் மின்னழுத்தம் தரும். பைபாஸில் போகும்போது அந்தச் சூடு தானாகக் கிடைத்துவிடும். பெரியார் பஸ் நிலையம் பக்கம் நெரிசலில் ஐடிலிங்கில், அதாவது வண்டி நகராமல் இன்ஜின் மட்டும் ஓடியபடி, நின்றால் ஆறிப்போகும். ஆறினால் பெட்டி அதை நம்பாது, பெட்ரோலைக் கூட்டிவிடும். புகைச் சோதனையும் ஐடிலிங்கில்தானே எடுக்கிறார்கள்? பாரத் ஸ்டேஜ் 2 என்ற புகை விதிக்கு முந்தைய பெட்ரோல் கார்களுக்குக் கார்பன் மோனாக்சைடு 3 சதவீதம் வரை அனுமதி உண்டு. அவ்வளவு தளர்வு கொடுத்தும் தேறவில்லை என்றால், இன்ஜின் தேய்ந்துவிட்டது என்று முடிவு கட்டும் முன் சென்சாரைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

ஒற்றை வயர் என்பது மட்டமான சரக்கு என்று நினைத்துவிட வேண்டாம். 1976ல் பாஷ் நிறுவனம் வோல்வோ கார்களுக்காக முதன்முதலில் செய்தது அப்படித்தான் இருந்தது. ஹீட்டர் வைத்தது 1982ல் வந்தது. நம் ஊரில் 1995 ஏப்ரலில் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்குக் கன்வெர்ட்டர் கட்டாயமானது. ஆனால் ஈயம் கலந்த பெட்ரோல் நாடு முழுக்க நின்றது 2000 பிப்ரவரியில்தான். இடைப்பட்ட ஆண்டுகளில் சென்னையில் வாங்கிய காரை மதுரைக்கு ஓட்டி வந்தவர்கள் கிடைத்த பெட்ரோலைப் போட்டார்கள். ஈயம் படிந்தால் சென்சாரும் செத்துப்போகும், கன்வெர்ட்டரும் செத்துப்போகும். அந்தக் காலத்து வண்டிகள் சிலவற்றில் சென்சார் அன்றைக்கே போய், அதைக் கவனிக்காமலே இன்றுவரை ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

என்னிடம் வரும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் டேவூ சியலோ வைத்திருக்கிறார். கம்பெனியே இல்லாமல் போய் இருபது ஆண்டுக்கு மேலாகிறது. அதற்கென்று வந்த ஒற்றை வயர் சென்சார் எங்கும் கிடைக்கவில்லை. ஐயா வண்டியைக் கொடுக்க மனசில்லாதவர். பதிவை 5 ஆண்டுக்கு ஒருமுறை முறையாகப் புதுப்பித்து வைத்திருக்கிறார். அவர் வண்டிக்கு நான்கு வயர் ஹீட்டர் சென்சார் போட்டுக் கொடுத்தேன். மரை 18 மில்லிமீட்டர், 1.5 பிட்ச், பழையது கழன்ற இடத்திலேயே 22ஆம் நம்பர் ஸ்பேனரால் ஏறிவிட்டது. இன்று அந்த வண்டி நெரிசலில் நின்றாலும் வாடை இல்லை, புகைச் சான்றும் கிடைத்துவிட்டது. மாட்டுவது சுலபம். வயரிங்கில்தான் பலரும் கெடுக்கிறார்கள், அதனால் அதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

பாஷ் வகை சென்சாரில் இரண்டு வெள்ளை வயர் ஹீட்டருக்கு. கறுப்பு, பெட்டிக்குப் போகும் சிக்னல். சாம்பல் நிறம் சிக்னலின் எர்த், அதாவது மின்சாரம் திரும்பும் வழி. டென்சோ வகையில் நிறம் மாறும்: இரண்டு கறுப்பு ஹீட்டருக்கு, நீலம் சிக்னல், வெள்ளை எர்த். நிறத்தை மட்டும் நம்பி, கறுப்பு என்றால் சிக்னல் என்று இணைத்தால் பெட்டியின் சிக்னல் வயரிலேயே 12 வோல்ட் போய்விடும். எந்த இரண்டு வயருக்கு இடையே மல்டிமீட்டர் சில ஓம் காட்டுகிறதோ அவைதான் ஹீட்டர். ஆனால் சிக்னல் வயரிலும் அதன் எர்த்திலும் ஓம் பார்க்கக் கூடாது, மீட்டரின் மின்சாரமே சென்சாரைக் கெடுக்கும். ஆகவே சென்சார் வந்த அட்டைப் பெட்டியின் மேல் இருக்கும் படத்தைப் பார்த்து நிச்சயம் செய்துகொண்டு பிறகு மீட்டரை வையுங்கள். ஹீட்டர் வயர் இரண்டில் எது பிளஸ், எது மைனஸ் என்ற கவலை வேண்டாம், எப்படி வைத்தாலும் சூடாகும். ஐந்து வயர், ஆறு வயர் வைடுபேண்ட் சென்சாரை இதற்கு மாற்றாகப் போட முடியாது. சில புதிய கார்களில் நான்கு வயரோடு வரும் ஏர் ஃப்யூவல் சென்சாரும் பார்க்க இதே மாதிரி இருக்கும், அதுவும் ஒத்துவராது.

ஹீட்டருக்கு மின்சாரம் எங்கிருந்து எடுப்பது? பேட்டரியிலிருந்து நேராக எடுப்பவர்கள் இருக்கிறார்கள். இரவெல்லாம் ஹீட்டர் எரிந்து காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகாது. சாவி போட்டால் வரும் லைனில் எடுப்பதும் எனக்குச் சம்மதமில்லை. வண்டியை நிறுத்திவிட்டுப் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தால் ஹீட்டர் சும்மா எரிந்துகொண்டிருக்கும். இன்ஜின் ஓடும்போது மட்டும் உயிரோடு இருக்கும் லைன் ஒன்று இருக்கிறது. அது பெட்ரோல் பம்ப் ரிலேயிலிருந்து (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) வெளியே வருவது. அதிலும் ஹீட்டரை நேராகத் தொங்கவிடக் கூடாது, பம்ப்புக்குப் போகும் மின்னழுத்தம் குறைந்துவிடும். தனியாக ஒரு நான்கு கால் ரிலே வாங்கி, பம்ப் லைனை 86 என்று எண் போட்ட காலில் கொடுத்து, 85ஐ எர்த் செய்யுங்கள். பேட்டரியிலிருந்து 10 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக 30க்கு வர வேண்டும். 87லிருந்து ஒரு வெள்ளை வயருக்குப் போக வேண்டும். ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். சென்சார் பக்கத்தில் வைத்தால், நடுவில் வயர் உரசி எரியும்போது அது எதையும் காப்பாற்றாது. ஹீட்டர் வயர் 1.5 சதுர மில்லிமீட்டருக்குக் குறைய வேண்டாம்.

அடுத்தது எர்த். இதைத்தான் யாரும் பொருட்படுத்துவதில்லை. இரண்டாவது வெள்ளை வயரையும் சாம்பல் வயரையும் சேர்த்து முறுக்கி ஒரே போல்ட்டில் மாட்டிவிடுகிறார்கள். சிக்னல் மொத்தமே 0.1லிருந்து 0.9 வோல்ட்டுக்குள் ஆடுவது. ஹீட்டர் ஒரு ஆம்பியருக்கு மேல் இழுக்கிறது. துருப்பிடித்த போல்ட்டில் ஓமில் பத்தில் ஒரு பங்கு தடை இருந்தால் போதும், சிக்னலோடு 0.1 வோல்ட்டுக்கு மேல் பொய்யாகச் சேர்ந்துவிடும். பெட்ரோல் கூடிவிட்டது என்று நினைத்துப் பெட்டி குறைக்கும். வண்டி திணறும். 'புது சென்சார் போட்ட பிறகுதான் வண்டி கெட்டது' என்று வாடிக்கையாளர் திரும்பி வருவார். ஹீட்டர் எர்த் பாடியில் நல்ல இடத்தில் தனியாக இருக்கட்டும். சாம்பல் வயரை இன்ஜின் பிளாக்கில் இசிஎம் எர்த் பிடித்திருக்கும் போல்ட்டுக்கே, சுரண்டிச் சுத்தம் செய்து, கொண்டுபோங்கள்.

வயரை ஈயம் வைத்துப் பற்றவைக்காதீர்கள். சென்சாரின் உள்பக்கத்துக்கு ஒப்பிட்டுப் பார்க்க வெளிக்காற்று வேண்டும். பெரும்பாலான சென்சார்களில் அந்தக் காற்று வயரின் இழைகளுக்கு நடுவில்தான் போகிறது. ஈயமோ கிரீஸோ அடைத்தால் காற்று நின்றுபோகும். கிரிம்ப் செய்து, அதாவது இணைப்புக் குழலில் வைத்து நசுக்கி, மேலே ஸ்லீவ் போட்டால் போதும். சென்சார் வயரை, இன்ஜினிலிருந்து புகை வெளியே வரும் மேனிஃபோல்டை ஒட்டியும், பிளக் வயரோடு சேர்த்தும் கொண்டுபோகக் கூடாது. மேனிஃபோல்ட் ஜாயின்ட்டில் சிவப்பு சிலிக்கான் பேஸ்ட்டைத் தாராளமாகத் தடவும் பழக்கம் நம் ஷெட்டுகளில் இருக்கிறது. அந்த ஆவியே புது சென்சாரைக் கொன்றுவிடும், சென்சாருக்கு ஆகும் என்று டப்பாவில் போட்டிருப்பதை மட்டும் வாங்குங்கள்.

முடித்ததும் டிஜிட்டல் மீட்டரைச் சிக்னல் வயரில் ஊசியால் தொட்டு வையுங்கள். சியலோ போன்ற வண்டிகளில் சென்சார் ஆறியிருக்கும்போது 0.45 வோல்ட் அருகில் அசையாமல் நிற்கும், அது இசிஎம் பெட்டி கொடுக்கும் மின்னழுத்தம். ஸ்டார்ட் செய்து ஒரு நிமிடத்துக்குள் மேலும் கீழும் ஆடத் தொடங்கினால் ஹீட்டர் வேலை செய்கிறது. இன்ஜினும் சூடேறிய பிறகு, ஐடிலிங்கில் பத்து நிமிடம் விட்டுப் பார்த்தும் அந்த ஆட்டம் நிற்கக் கூடாது. பழைய முள் மீட்டரால் இதைப் பார்க்க முடியாது.

ஆசிரியர் அவர்களே, பழைய கார் வைத்திருப்பவர்கள் எல்லோரும் பழசின் மேல் மோகம் கொண்டவர்கள் அல்ல. வேறு வாங்க வசதியில்லாதவர்களே என்னிடம் அதிகம் வருகிறார்கள். ஒரு சென்சார், ஒரு ரிலே, அரை நாள் கூலி என்று முடிய வேண்டிய வேலைக்கு இன்ஜினை இறக்கச் சொல்லும்போது அவர்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. உங்கள் பக்கத்தில் அச்சான பதிலைக் கத்தரித்துக்கொண்டுவந்து என்னிடமே நீட்டி, 'இதில் பிடுங்கச் சொல்லியிருக்கிறதே' என்று இந்த வாரம் ஒருவர் கேட்டார். பத்திரிகையில் வந்தால் அவர்களுக்கு அது வேதவாக்கு. ஆகவே அந்தப் பதிலுக்குத் திருத்தத்தை அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கேள்வி கேட்ட வாசகர் ஏற்கெனவே வயரைக் கழற்றியிருந்தால், கன்வெர்ட்டர் கெடும் முன் திரும்ப மாட்டச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஆட்டோ எலெக்ட்ரீஷியன் ஒருவர்,
மதுரை.