முகக்கவசம் தைக்க உதவிய அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி மடல்

அன்புக்குரியவர்களுக்கு வணக்கம்.

2020 மார்ச் 11 அன்று கொரோனா பெருந்தொற்று என உலக சுகாதார நிறுவனம் அறிவித்த சில வாரங்களில், நோய் உறுதியான ஒருவருடன் என் கணவர் பழகியிருந்தமையால், நாங்கள் ஐவரும் 14 நாட்கள் வீட்டைவிட்டு வெளியேறாமல் இருக்க நேர்ந்தது. மருத்துவ முகக்கவசங்கள் மருத்துவப் பணியாளர்களுக்கே போதாதிருந்த அந்நாட்களில், எங்களுக்கானவற்றை நாங்களே தைத்துக்கொள்வது என்று முடிவு செய்தோம். அந்த முடிவை நிறைவேற்றித் தந்தவர்கள் நீங்கள்.

பல ஆண்டுகளாக மூடிக் கிடந்த தையல் இயந்திரம் முதல் நாளே நூலைச் சிக்கலாக்கி நின்றுவிட்டது. கைபேசியில் காணொளி வழியே முக்கால் மணி நேரம் பொறுமையாக இருந்து, அடிநூல் உருளை இருக்கும் பாபின் கேஸைக் கழற்றச் செய்து, துணியை நகர்த்தும் பற்களுக்கிடையே இறுகியிருந்த பஞ்சைத் துடைத்தெடுக்கச் செய்து, எங்கெங்கே ஒரு சொட்டு எண்ணெய் விட வேண்டும் என்று விரலால் சுட்டிக்காட்டிய இயந்திரம் பழுதுபார்க்கும் ஐயாவுக்கு எங்கள் முதல் நன்றி. கூலி பற்றிக் கேட்டபோது அவர் அழைப்பைத் துண்டித்துவிட்டார்.

கண்பார்வை மங்கியதால் தையலை விட்டிருந்த என் அத்தை, இயந்திரத்தின் ஓசையைக் கேட்டே அடிநூல் தளர்ந்திருப்பதைச் சொல்லிவிடுவார். துணியை முதலில் துவைத்துச் சுருங்கவிட்ட பிறகே வெட்ட வேண்டும், மடிப்புகள் மூன்றும் வெளிப்புறத்தில் கீழ்நோக்கியே அமைய வேண்டும், இல்லையேல் அவற்றில் தூசி தங்கும் என்பவை அவர் கற்பித்தவை. நான்காம் நாள் ஓர் அற்பக் காரணத்துக்காக ஒருவரோடொருவர் பேசாமல் போன எங்கள் வீட்டில், மகள் அளந்து வெட்ட, மகன் மடிப்பை எண்ணிப் பிடிக்க, என் கணவர் இஸ்திரி போட, பேச்சு தானாகத் திரும்பியது. வேலையில் ஒருவரை ஒருவர் கேட்காமல் எதுவும் நகராது என்பதே அதற்குக் காரணம் என்று நான் கருதுகிறேன்.

தனிமைக் காலம் முடிந்து, எங்களில் எவருக்கும் நோய் இல்லை என்பது தெரிந்த பின்னர், தைத்தவற்றைச் சோப்பு நீரில் துவைத்துக் காயவைத்து நாற்பது முகக்கவசங்களை அண்டை வீட்டாருக்குக் கொடுத்தோம். அவற்றுள் ஒன்றை அணிந்து பார்த்த செவிலியர் சகோதரி, இது சரியில்லை என்று நேரடியாகவே சொன்னார். இந்த மடலில் நான் மிகவும் நன்றி கூற விரும்புவது அவருக்கே. மூக்கின் இருபுறமும் இடைவெளி இருப்பதால் மூச்சு அவ்வழியே போகிறது என்றும், கண்ணாடி அணிந்தவருக்கு அது பனிப்பதே சான்று என்றும் விளக்கினார். துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துக் காட்டி, இத்தனை ஒளி ஊடுருவும் துணியை ஒற்றை அடுக்காகப் பயன்படுத்துவதில் பயனில்லை என்றார். எனக்கு முகம் வாடிப்போனது உண்மை. எனினும் அன்றிரவே கொடுத்தவற்றைத் திரும்பப் பெற்றுத் துவைத்துத் தையலைப் பிரித்து, மேற்பட்டியில் வளையும் கம்பியைச் செருகி, இரண்டாம் அடுக்கையும் சேர்த்தோம்.

ஜூன் 5 அன்று உலக சுகாதார நிறுவனம் மூன்று அடுக்குகளைப் பரிந்துரைத்தபோது, உள்ளே ஈரம் உறிஞ்சும் பருத்தியும் வெளியே ஈரம் ஒட்டாத பாலியஸ்டர் போன்ற துணியும் கிடைத்தன. நடுவில் வைப்பதற்கு நெய்யப்படாத பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக் இழைத் துணி மட்டும் கிடைக்கவில்லை. பொருட்களை எடுத்துச் செல்லும் பைகளில் பலவும் அதனால் ஆனவையே என்று ஒருவர் கூறியதும், நீங்கள் ஒவ்வொருவராக வீட்டிலிருந்த பைகளைக் கழுவிக் கொண்டுவந்து வாசலில் வைத்தீர்கள். எலாஸ்டிக் எங்கும் கிடைக்காத நாட்களில் பழைய டி-ஷர்ட்டுகளைத் தந்த மாணவர்களையும் நாங்கள் மறக்கவில்லை. ஓர் அங்குல அகலத்தில் குறுக்காக வெட்டி இழுத்தால் அந்தத் துணி தானே சுருண்டு கயிறாகிறது, காதையும் அறுப்பதில்லை.

உதட்டசைவைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்ளும் சகோதரி ஒருவர், முகக்கவசங்கள் தம்மை ஊராரிடமிருந்து பிரித்துவிட்டதாக எழுதித் தந்த சீட்டு இன்னும் எங்களிடம் உள்ளது. அவருடைய குடும்பத்தாருக்காக, வாய்ப்பகுதியில் ஒளிபுகும் பிளாஸ்டிக் வைத்துத் தைத்தோம். எங்கள் கண்ணுக்குப் படாத ஒரு தேவையை அறியத் தந்தமைக்கு அவருக்கு நன்றி.

இறுதியாக ஒரு வேண்டுகோள். தனிமையின் இரண்டாம் நாள் காலையில், பெயர் எழுதாமல் எங்கள் வாசலில் ஒரு பெரிய தையல் கத்தரிக்கோலை வைத்துச் சென்றவர் யார் என்று இன்றுவரை தெரியவில்லை. அதைச் சாணை பிடித்து, எண்ணெய் தடவி, துணியில் சுற்றி வைத்திருக்கிறோம். அவர் அன்புகூர்ந்து வந்து அதைப் பெற்றுக்கொள்ள வேண்டும். அவருக்கு நேரில் நன்றி சொல்ல அத்தை காத்திருக்கிறார்.

நன்றியுடன்,
எங்கள் குடும்பத்தார் ஐவர்