கடல் ஏறும் நேரம்

போர்ட் ஹெட்லண்ட்,
மேற்கு ஆஸ்திரேலியா

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். "கப்பலில் மண்ணைக் கொட்டுவதற்கு அப்படி என்னப்பா கணக்கு?" என்று போனில் கேட்டீர்கள். வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் சரியாகப் பதில் சொல்லவில்லை. அது உறுத்திக்கொண்டே இருந்தது, அதனால்தான் இந்தக் கடிதம்.

இந்த ஊரே இரும்புத் தாதுவை நம்பி இருக்கிறது. சட்டை, செருப்பு, ஜன்னல் என்று எங்கும் செம்புழுதிதான். சுரங்கங்களிலிருந்து இரண்டரை கிலோமீட்டர் நீள ரயில்கள் வருகின்றன. பெட்டிகளைக் கழற்றாமலே தலைகீழாகச் சுழற்றிக் கொட்டிவிடுகிறது ஓர் இயந்திரம். அப்புறம் குவியல், கன்வேயர், கப்பல்.

என் வேலை கப்பலில் ஆரம்பிக்கிறது. தாது மிகக் கனமானது. சரக்கறை பாதி நிரம்புவதற்குள் கப்பல் தாங்கும் எடை முடிந்துவிடும். மணிக்கு 10,000 டன் வேகத்தில் ஒரே அறையில் கொட்டிக்கொண்டே போனால் அந்த இடம் அழுந்தி, மற்ற இடம் மேலெழும்பி, கப்பலின் உடலே வளையும். அதனால் எந்த அறையில் எத்தனை டன், எது முதலில், எது பிறகு என்று முன்கூட்டியே திட்டம் உண்டு. தாது ஏற ஏற, வெறுங்கப்பலாக வந்தபோது நிலைக்காக நிரப்பியிருந்த பேலஸ்ட் நீரையும் அதற்கு ஈடுகொடுத்து வெளியேற்ற வேண்டும்.

போன மாதம் ஒரு கப்பலில் அந்த நீரை வெளியேற்றும் பம்பு மக்கர் செய்தது. கொட்டுவதை நிறுத்தினோம். கடல் ஏறும் நேரம் தவறிவிட்டது. இங்கே ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் 7 மீட்டர் வரை வித்தியாசம் இருக்கும். நிறைந்த பெரிய கப்பல் 18 மீட்டர் ஆழத்துக்கு அமிழ்ந்திருக்கும். துறைமுகத்திலிருந்து ஆழ்கடலுக்குப் போகும் 40 கிலோமீட்டர் நீளக் கால்வாயைத் தரை தட்டாமல் தாண்ட வேண்டுமென்றால் கடல் ஏறினால்தான் முடியும். அன்று அடுத்த ஏற்றத்துக்காக 12 மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தோம். சிலருக்கு என்மேல் கோபம். நிறுத்தச் சொன்னது சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

ஈரத்தையும் பார்க்க வேண்டும். பொடித் தாதுவில் ஈரம் அளவுக்கு மீறினால், அலையின் குலுக்கலில் அது சேறாகி ஒரு பக்கம் சாய்ந்துவிடும். 2009-ல் நம் நாட்டிலிருந்தே பொடித் தாது ஏற்றிப் போன ஏஷியன் ஃபாரஸ்ட், பிளாக் ரோஸ் என்ற இரண்டு கப்பல்கள் கவிழ்ந்தன. பரிசோதனைத் தாளைப் பார்க்கும்போதெல்லாம் அந்தப் பெயர்கள் மனதில் வந்து நிற்கும்.

கடைசியில் எடை. இவ்வளவு பெரிய பாரத்தை நிறுக்கத் தராசு ஏது? கப்பலின் முன்புறம், நடு, பின்புறம் என இரு பக்கமும் ஆறு இடங்களில் எழுதியிருக்கும் எண்களை நீர்மட்டம் எங்கே தொடுகிறது என்று படித்து, கடல்நீரின் அடர்த்தியையும் அளந்து கணக்குப் போடுவோம். அலை ஏறி இறங்கும்போது நடு அளவைக் கண்ணால் பிடிக்க வேண்டும். ஒரு சென்டிமீட்டர் பிசகினால் 100 டன்னுக்கு மேல் மாறிவிடும். முதல் ஆறு மாதம் எனக்குத் தூக்கமே வரவில்லை, அப்பா. இப்போது கண் பழகிவிட்டது. ஆனாலும் இரண்டு முறை படிக்காமல் எழுதுவதில்லை.

இன்றிரவு 2 மணிக்கு ஒரு கப்பல் கிளம்புகிறது. கால்வாயில் அந்தக் கப்பலுக்கு வழிகாட்டிப் போகும் பைலட்டை ஹெலிகாப்டர் கடலிலிருந்து திரும்ப அழைத்து வருவதைப் பார்த்த பிறகுதான் வீட்டுக்கு வருவேன். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுகிறேன் என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகன்