நைசியாவில் ஓட்டெடுப்பா?

ஆசிரியர் அவர்களுக்கு,

கி.பி. 325-ல் நைசியா நகரில் கூடிய ஆயர்களின் சங்கம் ஓட்டெடுத்துத்தான் பைபிள் நூல்களைத் தேர்ந்தெடுத்தது என ஞாயிறு இதழில் வந்திருந்தது. தவறு. அச்சங்கத்தின் 20 விதிகளில் நூற்பட்டியலே கிடையாது. அங்கே விவாதம் ஆரியுஸ் என்ற குருவின் போதனை (கிறிஸ்து படைக்கப்பட்டவர் என்பது), ஈஸ்டர் தேதி போன்றவை பற்றித்தான். (நாவல்கள் பரப்பிய கதை, எளிதில் சாகாது.)

இன்றுள்ள புதிய ஏற்பாட்டின் 27 நூல்களையும் கூட்டாமல் குறைக்காமல் சொல்லும் மிகப் பழைய பட்டியல், அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியுஸ் 367-ல் எழுதிய ஈஸ்டர் மடலில் இருக்கிறது. அதுவரை எபிரெயர், 2 பேதுரு, வெளிப்படுத்தல் ஆகிய நூல்களை ஏற்பதில் இழுபறிதான்.

திருச்சபை ஒப்புதல் தந்ததால் பைபிள் நூல்கள் வேதமாகவில்லை. தூய ஆவியின் ஏவுதலால் எழுதப்பட்டு, கடவுளையே ஆசிரியராகக் கொண்டவை என்பதே காரணம் என 1870-ல் கத்தோலிக்க ஆயர்களின் முதல் வத்திக்கான் சங்கம் தெளிவாக்கியது. புராட்டஸ்டன்ட் சபைகளும் இதே அடிப்படையில்தான் நிற்கின்றன. பைபிள் நூல்கள் 66-ஆ (புராட்டஸ்டன்ட்), 73-ஆ (கத்தோலிக்கம்) என்ற தகராறு பழைய ஏற்பாட்டில் மட்டுமே.

– வாசகர்