மட்காட்டைக் கழற்றச் சொல்லாதீர்கள்: கராஜ் தம்பிமாருக்கு ஒரு திறந்த மடல்

வன்னியில் மோட்டார் சைக்கிள் திருத்தும் தம்பிமாருக்கு,

வணக்கம். வயல் வயலாக மோட்டார் சைக்கிளில் திரிகிற விவசாயப் போதனாசிரியர் நான். உங்களில் பலருக்கு என் வண்டியின் நோவு என்னைவிட நன்றாகத் தெரியும். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

போன கார்த்திகையில் முத்தையன்கட்டுப் பக்கம் ஒரு வாய்க்கால் கரையால் போனேன். இரவு முழுக்க மழை. உழவு மெசின் போன தடத்தில் களி பிசைந்து கிடந்தது. முன் சில்லிலிருந்து சர்... சர்... என்று உரசல் கேட்டது. கரை முடிய இறங்கிப் பார்ப்போம் என்று நினைத்தேன். கரை முடியவில்லை, சில்லு நின்றுவிட்டது. பின் சில்லு இறுகினால் வண்டி வாலை ஆட்டும், காலூன்றித் தப்பலாம். முன் சில்லு இறுகினால் தப்ப நேரமே இல்லை. நேரே வயலுக்குள் விழுந்தேன். வரம்பில் நின்ற ஒருவர் கேட்டார்: “என்ன சேர், நாற்று நடுகையோ?” சிரிக்கத்தான் வந்தது. மணிக்கட்டு வீக்கம் வற்ற மூன்று கிழமை எடுத்தது.

தடியால் சேற்றைக் கிண்டிப் பார்த்தேன். முன் சில்லுக்கு மேலே சேறு தடுக்கிற மட்காட்டின் இடப்பக்கம் நட்டைக் காணோம். அந்த இடத்தில் கட்டுக்கம்பி முறுக்கியிருந்தது. முன்பு சேவிஸ் செய்த இடத்தில் நடந்த வேலை. யார் என்று எழுதப்போவதில்லை, நானும் குனிந்து பாராமல்தானே ஓடினேன். ரயர் களியை இழுத்திருக்கிறது, களி மட்காட்டை இழுத்திருக்கிறது, கம்பி விட்டுக்கொடுத்திருக்கிறது. மட்காட் பிளாஸ்ரிக் மடிந்து ரயருக்கும், முன் சில்லைத் தாங்குகிற போர்க்குக்கும் இடையே ஆப்பு மாதிரிச் செருகி நின்றது.

இது பழைய கதை. இந்த மடலை எழுத வைத்தது அடுத்த கராஜில் கேட்ட வார்த்தை: “பேசாமல் மட்காட்டைக் கழற்றிவிடுவம் சேர். மாரி முடியப் பூட்டலாம்.” அதற்குப் பிறகு இதே யோசனையை வேறு இரண்டு இடங்களிலும் கேட்டுவிட்டேன்.

தம்பிமாரே, கழற்றிய மட்காட்டை ஒருமுறை திருப்பிப் பாருங்கள். நிறைய வண்டிகளில் அதற்குள் ஓர் இரும்புத் தகடு வளைந்து போகும். இரண்டு போர்க் கால்களையும் சேர்த்துப் பிடிப்பது அதுதான். அதை எடுத்தால் பள்ளத்தில் ஒரு கால் ஒரு பக்கம், மற்றக் கால் இன்னொரு பக்கம் முறுகப் பார்க்கும். பிறேக் குழாயையும் மீற்றர் கேபிளையும் சில வண்டிகளில் மட்காட்டில்தான் கொளுவியிருப்பார்கள். கொளுக்கி போனால் அவை தொங்கி ரயரில் தேயும். இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததா? அவசரத்தில் மறக்கிறீர்கள், அவ்வளவுதான். மாங்குளம் முல்லைத்தீவு வீதியில் ஏறிக் கொஞ்சம் வேகம் பிடித்தால் சேறு நேரே கண்ணாடிக்குத்தான் வரும். எதிரே பஸ் வரும்போது ஒரு கையால் முகத்தை வழிக்கிற நிலை எவருக்கும் வேண்டாம்.

மண்ணையும் கொஞ்சம் யோசியுங்கள், அது என் தொழில் என்பதால் சொல்கிறேன். மணல் வந்த வழியே கொட்டிப்போகும். வயல் களி அப்படியல்ல. முருங்கன் பக்கத்துக் களி நனைந்தால் ஊதும், காய்ந்தால் வெடிக்கும். அதோடு புல்லோ வைக்கோலோ சேர்ந்தால் நம் பாட்டன்மார் மண்சுவர் வைத்த அதே கலவைதான். பின்னேரம் அப்படியே விட்டுவிட்டுப் படுத்தால் விடிய மட்காட்டுக்குள் சுவர் எழும்பி நிற்கும். அப்போது பலமாகத் தள்ளினால் பிளாஸ்ரிக் வெடிக்கும். தண்ணீர் ஊற்றி ஊறவிட்டுத் தடியால் எடுக்க வேண்டும், சில்லு சுழலும்போது விரல் வைக்கக் கூடாது.

மருத்துவமாதுகளும் ரீச்சர்மாரும் ஓடுகிற ஸ்கூட்டிகளில் நிலைமை இன்னும் மோசம். சின்னச் சில்லு, இடைவெளியோ விரல் நுழையாத அளவு. அவற்றில் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. ஆணிகளை இறுக்கி, “உரசல் கேட்டால் உடனே நிற்பாட்டுங்கோ அக்கா” என்று சொல்லி அனுப்புங்கள், காணும்.

மற்ற வண்டிகளுக்கு வழி இருக்கிறது. மேலிருந்து பூட்டும் மட்காட் என்றால் வாசர் கொடுத்து ஒரு விரல் உயர்த்தலாம். பக்கத்தால் பூட்டுவது என்றால் சின்னத் தகடு ஒன்று அடித்தால் சரி. நீள ஆணி போடும்போது அதன் முனை ரயரில் முட்டுகிறதா என்று சில்லைச் சுற்றிப் பாருங்கள். பொடியன்மார் முள்ளு ரயர் கேட்டு வந்தால் அதன் பருமனுக்கு மட்காட்டில் இடம் இருக்கிறதா என்று பார்த்த பிறகு காசை வாங்குங்கள். ஹெட்லைற்றுக்குக் கீழே உயரத்தில் பூட்டும் மட்காட் கேட்பவர்களும் உண்டு. காட்டு வண்டிகளுக்கு நல்ல ஏற்பாடு அது. ஆனால் போர்க் அமரும்போது சில்லு மேலே ஏறும், மட்காட் அசையாமல் அங்கேயே நிற்கும். இரண்டு பேர் ஹாண்டிலில் பாரம் கொடுத்து அமுக்கிப் பார்க்காமல் அந்த வண்டியைக் கொடுக்காதீர்கள்.

கட்டுக்கம்பி வேலிக்கு. நட்டு இல்லையென்றால் இல்லை என்று சொல்லுங்கள், நான் நாளைக்கு வந்து எடுக்கிறேன்.

காலபோக விதைப்புக்கு முன் புரட்டாதியில் வண்டியோடு வருவேன். வாசர் நாலு எடுத்து வையுங்கள், பிளேன்ரீ என் கணக்கு.

அன்புடன்,
வயலுக்குள் விழுந்த சேர்