சபையைக் கேட்காதீர்கள், படிவத்தைப் படியுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம். வேட்பாளர்களின் பிரமாணப் பத்திரங்கள் பற்றிய தங்கள் தலையங்கம் படித்தேன். எங்கள் கோத்தகிரிப் பக்கம் தேர்தல் வந்தாலே, “திருச்சபையில் யாருக்குப் போடச் சொல்கிறார்கள்?” என்றுதான் கேட்கிறார்கள். கிறிஸ்தவனான எனக்கு இதில் உடன்பாடில்லை. வேதாகமத்தில் மோசேக்கு மாமனார் எத்திரோ சொன்ன யோசனை என்ன? திறமையும் உண்மையும் உள்ள, பொருளாசையை வெறுக்கிற ஆட்களைத் தேடிப்பார்த்து மக்களுக்குத் தலைவர்களாக நியமி என்பதுதானே! தேடிப்பார்க்க நமக்கு வழியும் இருக்கிறது. வழக்கு, சொத்து, கடன், படிப்பு எல்லாவற்றையும் வேட்பாளர் வெளியிட வேண்டும் என்று 2002-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த விவரங்களுக்கான பிரமாணப் பத்திரம்தான் படிவம் 26.

சென்ற தேர்தலில் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அந்தப் படிவங்களை அச்செடுத்து நாலைந்து பேர் உட்கார்ந்து படித்தோம். தேயிலை பறித்து ஓய்வுபெற்ற ஓர் அம்மா, கறை படிந்த விரலை வரி வரியாக நகர்த்திப் படித்துவிட்டு, “இத்தனை வருஷம் சின்னத்தை மட்டும்தான் பார்த்தேன், தம்பி” என்றார். மனசு கனத்துவிட்டது. இந்த விவரம் தேர்தல் ஆணைய இணையதளத்தில் இருக்கிறது, சரி. சிக்னலே எட்டாத எஸ்டேட் லைன் வீடுகளுக்கு அது எப்படிப் போய்ச் சேரும்? வாக்குப்பதிவுக்கு ஒரு வாரம் முன்பாவது, எல்லா வேட்பாளர்களின் படிவச் சுருக்கத்தையும் ரேஷன் கடைகளிலும் இலை கொள்முதல் நிலையங்களிலும் பெரிய எழுத்தில் ஒட்ட மாவட்ட நிர்வாகம் ஏற்பாடு செய்ய வேண்டும்.

– ஒரு வாசகர், கோத்தகிரி