விகிதத்தைப் பார்த்து ஏமாந்துவிடாதே

கோத்தகிரி

அன்பு மகளுக்கு,

நம் நீலகிரி மலைப் பள்ளிகளைப் பற்றிய உன் ஆய்வுக்கு, ஆசிரியர் சங்கங்களைப் பற்றி எழுதும் அமெரிக்கக் கல்வியாளர் லோயிஸ் வெய்னரின் எழுத்தை எடுத்துக்கொண்டது நல்ல காரியம், கண்ணு. மேரி காம்ப்டனோடு சேர்ந்து 2008-ல் அவர் தொகுத்த நூலின் வாதம் நமக்கும் பொருந்தும். கல்வியைச் சந்தைச் சரக்காக்கும் திட்டம் நாடு நாடாக ஒரே அச்சில்தான் வருகிறது: மதிப்பெண்ணை வைத்து ஆசிரியரை எடைபோடுவது, நிரந்தரப் பணியிடத்தைக் குறைப்பது, ஆசிரியர் சங்கத்தை ஒடுக்குவது. இதற்குச் சான்று தேடி நீ வெகுதூரம் போக வேண்டாம். ஓவியம், உடற்கல்வி, தையல், கணினி சொல்லித்தர 2012-ல் தமிழக அரசு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தது. வாரம் மூன்று அரை நாள், அப்போது மாதம் 5,000 ரூபாய்.

ஆனால் களத்துக்கு வந்து ஆசிரியர்-மாணவர் விகிதத்தை மட்டும் கணக்குப் போட்டால் ஏமாந்துபோவாய். தொடக்கப் பள்ளிக்குக் கல்வி உரிமைச் சட்டம் சொல்வது 30 பிள்ளைக்கு ஒருவர். ஒரு ஹட்டியிலோ (படுகர் ஊர்) பந்தலூர்ப் பக்கத்துப் பழங்குடிக் குடியிருப்பிலோ 30 பிள்ளைக்கு இரண்டு ஆசிரியர் இருந்தால், காகிதத்தில் அது தாராளம். வகுப்போ ஐந்து. ஒவ்வொரு வகுப்புக்கும் ஆண்டுக்கு 800 மணி நேரப் பாடம் நடக்க வேண்டும். இருவரும் ஒரு நாள் தவறாமல் வந்தாலும் கிடைப்பது 1,600 மணி, வகுப்புக்கு 320. ஒன்று முதல் மூன்று வரை ஒருவர், நாலும் ஐந்தும் ஒருவர் என்று சேர்த்து உட்காரவைத்தால் கொஞ்சம் தேறும். ஒருவர் பயிற்சிக்குப் போகிற நாளில் அதுவும் குலைந்துவிடும். அநீதி இந்த மணிக்கணக்கில்தான் ஒளிந்திருக்கிறது. நீ அளக்க வேண்டியதும் அதைத்தான்.

வருகைப் பதிவேட்டில் ஓ.டி. (வெளிப் பணி) என்று போட்ட நாட்களைத் தனியாகக் குறித்துக்கொள். பிறகு பிள்ளைகளின் நோட்டை வாங்கி, சிவப்பு மையில் திருத்திய தேதிகளை அதோடு ஒப்பிட்டுப் பார். எந்த வகுப்பு எத்தனை நாள் சும்மா உட்கார்ந்திருந்தது என்பது அங்கே தெரியும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் தவிர வேறு வெளி வேலை ஆசிரியருக்குக் கொடுக்கக் கூடாது என்கிறது கல்வி உரிமைச் சட்டத்தின் 27-ம் பிரிவு. எமிஸ் என்ற கல்வித்துறைத் தளத்தில் பள்ளி விவரங்களைப் பதிவேற்றுவது பள்ளி வேலையாகவே கணக்காகிறது. சிக்னல் கிடைக்காத பள்ளியில் அதற்காகப் போனைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறும் நேரம் எந்தப் பதிவேட்டிலும் வராது. ஆசிரியரிடம் நேரில் கேட்டால்தான் உண்டு. பஸ் நேரத்தையும் கேள். யானை நிற்கும் ரோட்டில் கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு யாரும் பாடம் நடத்த முடியாது.

சங்கம் பெற்றோரோடு கைகோக்க வேண்டும் என்பது வெய்னர் அழுத்திச் சொல்வது. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். கூட்டம் காலை 11 மணிக்கு வைத்தால் தேயிலை பறிக்கும் தாய்க்கு அன்றைய கூலி போய்விடும். கூட்டம் எத்தனை மணிக்கு, வந்தது யார், காலிப் பணியிடம் பற்றிப் பேசினார்களா என்று தீர்மானப் புத்தகத்தில் பார். சங்கப் பொறுப்பாளர்களிடமும் அதையே கேள்.

கூடலூர், பந்தலூர்ப் பக்கம் ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை மழை கொட்டும். ஆனாலும் அப்போது ஒருமுறையும் ஜனவரியில் ஒருமுறையும் போய்ப் பார். மழை விடுமுறையில் போன மணி நேரம் ஈடுகட்டப்பட்டதா என்பது அப்போதுதான் தெரியும். மாவட்டக் கல்வி அலுவலகத்தில் எழுத்துப்பூர்வ அனுமதி வாங்கிக்கொள். ஆய்வேட்டில் ஊர்ப் பெயரைப் போடாதே; இரண்டே ஆசிரியர் இருக்கும் பள்ளியில் ஊரைச் சொன்னாலே ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

அன்புடன்,
அம்மா