அம்மாவை எந்த வழியாக அனுப்புவது?

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய டிக்கெட் விவரத்தைப் பார்த்தேன். விலை குறைவுதான், மாப்பிள்ளை தேடித்தான் பிடித்திருக்கிறார். ஆனால் அது சென்னையிலிருந்து துபாய் போய், அங்கே மாறி சிட்னி வருகிறது. கிழக்கே இருக்கிற ஊருக்கு அம்மா ஏன் முதலில் மேற்கே போக வேண்டும்? சென்னை–துபாய் சுமார் 2,900 கிலோமீட்டர், துபாய்–சிட்னி சுமார் 12,000. ஆகாயத்தில் மட்டும் 18 மணி நேரம், அதில் 14 மணி நேரம் ஒரே இருக்கையில். அவள் முழங்கால் உனக்குத் தெரியாததா?

உலக உருண்டையில் நூல் பிடித்து அளந்தால் திருச்சியிலிருந்து சிட்னிக்கு 9,100 கிலோமீட்டர்தான். சிங்கப்பூர் வழியாகப் போனால் 9,300. அதாவது 200 கிலோமீட்டர்தான் கூட, சுற்று என்று சொல்ல ஒன்றுமே இல்லை. திருச்சியிலிருந்தே நேராக சிங்கப்பூருக்கு விமானம் இருக்கும்போது சென்னை எதற்கு? இங்கிருந்து பஸ்ஸில் சென்னை போய்ச் சேரும் முன் சிங்கப்பூரில் இறங்கிவிடலாம், 4 மணி நேரம்தான். அங்கிருந்து உங்கள் ஊருக்கு 6,300 கிலோமீட்டர், ஏழே முக்கால் மணி நேரம்.

டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்தைப் பார்த்து அம்மா பயந்துவிட்டாள். அந்தந்த ஊர் நேரத்தைத்தானே போடுவார்கள். அக்டோபரில் நீங்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவிடுவீர்கள், அப்போது சிங்கப்பூருக்கும் உங்களுக்கும் 3 மணி நேர வித்தியாசம். இரவு 8 மணிக்குக் கிளம்பினால் காலை 6.45க்கு இறங்குவதாக இருக்கும், பார்க்கப் பத்தே முக்கால் மணி நேரம் மாதிரித் தெரியும். திரும்பி வரும்போது நேர்மாறு. எதிர்க்காற்றில் பயணம் உண்மையில் கொஞ்சம் கூடும், ஆனால் டிக்கெட்டில் என்னவோ அஞ்சு மணி நேரத்தில் சிங்கப்பூர் வந்த மாதிரி காட்டும். இதையெல்லாம் பேப்பரில் கோடு போட்டு விளக்கினேன். சரி சரி என்றாள், நம்பின மாதிரி தெரியவில்லை.

சிட்னியில் இரவு 11லிருந்து காலை 6 வரை விமானங்களுக்குக் கட்டுப்பாடு இருப்பதால் விடிந்ததும் வரிசையாக வந்து இறங்குமாம். ஆகவே மாப்பிள்ளையை 6 மணிக்கே வந்து நிற்கச் சொல்லாதே, பெட்டி எடுத்து சோதனை முடிந்து அம்மா வெளியே வர நேரமாகும். கறிவேப்பிலை கொண்டுவரக் கூடாது என்று நீயே அவளிடம் சொல்லிவிடு, நான் சொன்னால் கேட்கமாட்டாள்.

அப்புறம், இரண்டு விமானத்துக்கும் ஒரே டிக்கெட்டாகப் போடு. தனித்தனியாகப் போட்டால் கொஞ்சம் மலிவாகத் தெரியும், ஆனால் சிங்கப்பூரில் வெளியே போய்ப் பெட்டியை எடுத்து மறுபடி போட வேண்டிவரும். பதிவு செய்யும்போதே வீல்சேரும் கேட்டுவிடு, அதற்குத் தனிக் கட்டணம் கிடையாது. நடந்தே போய்விடுவேன் என்பாள், விடாதே.

துபாய் டிக்கெட்டைவிடக் கூட வருவதை நான் அனுப்பிவிடுகிறேன், மாப்பிள்ளையிடம் இதைப் பற்றிப் பேச வேண்டாம். டாக்டர் சொன்ன தேதிக்கு மூன்று வாரம் முன்னால் அம்மா அங்கே இருக்கிற மாதிரி பார்த்து, வியாழனோ வெள்ளியோ கிளம்புவது போல் போடு. சனிக்கிழமை என்றால் உன் அம்மா கிளம்பமாட்டாள்.

அப்பா